உடலை அறிவோம்: சும்மா வைத்த கை



சென்ற ஆண்டு மாரிக்கு முன்னர் வன்னியில் ஒரு கிராமத்துப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நிறை பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து முடிந்து, தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சகோதரி இடக்கையால் தேநீரை வாங்கினார். வலக்கை மடியில், சால்வைக்குள் மறைந்து கிடந்தது. வடைத் தட்டு வந்தபோது தேநீரைக் கீழே வைத்துவிட்டு, அதே இடக்கையால் வடையை எடுத்தார்.

"கையில என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"அது உடைஞ்ச கை மிஸ். 2009இல பங்கருக்குள்ள விழுந்து முழங்கைக்குக் கிட்ட உடைஞ்சது. பிளாஸ்டர் போட்டுவிட்டவை. பிறகு முகாமுக்குள்ள வச்சு அதை வெட்டி எடுத்துவிட்டினம். திரும்ப உடைஞ்சிடும் எண்டு நான் அந்தக் கைக்கு வேலை குடுக்கிறேல்லை."

சால்வையை விலக்கிக் காட்டினார். முழங்கை செங்கோணத்தில் நின்றுவிட்டது. மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. மேற்கை இடக்கையின் பாதி மொத்தம்தான் இருந்தது. தோளும் காது மட்டத்துக்கு எழும்பவில்லை. தலை பின்னி விடுவது மூத்த மகளாம்.

அந்த முறிவு எப்போதோ பொருந்திவிட்டது. அவர் அந்தக் கையைக் கண்ணைப் போலக் காத்திருக்கிறார். காத்ததால்தான் அது இப்படி ஆனது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? என்பு முறிவு விடுதியில் பல வருடம் தாதியாக நின்ற எனக்கே அன்றைக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதையே இம்மாதம் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். காயப்பட்ட கை, காயப்பட்ட கால், பிடித்துக்கொண்ட நாரி என்று ஏதோ ஒன்றை 'பத்திரமாக' வைத்திருக்கும் பெண்கள் எங்களுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எலும்பு காய்ந்த தடி அல்ல

பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் எலும்பை 'என்பு' என்றும், எல்லா எலும்பும் சேர்ந்த அமைப்பை 'வன்கூடு' என்றும் எழுதியிருப்பார்கள். அந்தப் படத்தில் எலும்புகள் வெள்ளை வெளேரென்று காய்ந்து நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து, எலும்பென்றால் வீட்டுக்கு நட்ட கப்பு, வளை போல ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். உடைந்தால் முட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது என்ற எண்ணமும் அதனால்தான் வருகிறது.

உயிருள்ள எலும்பு அப்படியானதல்ல. அதற்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. வெட்டினால் இரத்தம் வரும். அதன் உள்ளே இருக்கும் மச்சையில்தான் எமது இரத்தக் கலங்கள் உருவாகின்றன.

எலும்பு எதனால் ஆனது என்பதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். கறிக்கு வெட்டிய கோழியின் கால் எலும்பு ஒன்றைச் சுத்தமாக்கி, வினாகிரி நிறைந்த போத்தலில் நான்கைந்து நாள் போட்டு வையுங்கள். எடுத்துப் பார்த்தால் அது இறப்பர் போல வளையும். வினாகிரி அதிலுள்ள கல்சியத்தைக் கரைத்துவிட்டது. மிஞ்சியிருப்பது புரத நார். இன்னொரு எலும்பை அடுப்பு நெருப்பில் நன்றாக எரித்துப் பாருங்கள். உருவம் அப்படியே இருக்கும், ஆனால் தொட்டதும் நொறுங்கும். அங்கே நார் எரிந்துபோய்க் கல்சியம் மட்டும் நிற்கிறது. சுவருக்குள் கம்பியும் சீமெந்தும் சேர்ந்து நிற்பது போல, எலும்புக்குள் நாரும் கல்சியமும் சேர்ந்து நிற்கின்றன. பாரத்தைத் தாங்கக் கல்சியம், முறியாமல் சற்று வளைந்து கொடுக்க நார்.

ஆனால் சீமெந்துச் சுவர் தன்னைத்தானே திருத்தாது. எலும்பு திருத்தும். பழைய எலும்பை அரித்தெடுக்கும் கலங்களும் புதிய எலும்பைக் கட்டும் கலங்களும் அதற்குள் இரவு பகலாக வேலை செய்கின்றன. அரிக்கும் கலம் சில வாரங்களில் ஒரு சிறு குழியைத் தோண்டும். கட்டும் கலம் அதைச் சில மாதங்கள் எடுத்து நிரப்பும். இப்படி ஒவ்வொரு வருடமும் எமது எலும்பில் ஏறத்தாழ 10 வீதம் புதிதாகிறது. 2009இல் உங்கள் உடம்பில் இருந்த எலும்பில் பெரும்பகுதி இன்றைக்கு உங்களிடம் இல்லை. அது போய், வேறு எலும்பு வந்துவிட்டது.

புதிதாகக் கட்டும்போது எங்கே கூட்டிக் கட்டுவது, எங்கே குறைப்பது என்பதை எலும்பு எப்படி அறியும்? அதன்மேல் விழும் பாரத்தையும் தசையின் இழுவையையும் வைத்துத்தான் அறிகிறது. வேலை கிடைக்கும் இடத்தில் எலும்பு தடிக்கும், வேலை இல்லாத இடத்தில் மெலியும். யூலியஸ் வொல்ஃப் என்ற ஜேர்மன் சத்திர சிகிச்சை நிபுணர் இதை 1892இல் நூலாகவே எழுதினார். டெனிஸ் விளையாடுபவர்களைப் படம் பிடித்துப் பார்த்தால், மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பை விடத் தடித்திருக்கும். விண்வெளிக்குப் போகிறவர்கள் பாரமே இல்லாமல் மிதக்கிறார்கள் அல்லவா? அவர்களுடைய இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதம் ஒன்றுக்கு 1 முதல் 1.5 வீதம் வரை குறைகிறது. எந்த நோயும் இல்லாமல், நல்ல சாப்பாடும் இருக்கும்போதே அப்படி.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று உண்டு. மத்திய ஐரோப்பாவில் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விவசாயப் பெண்களின் எலும்புகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 2017இல் வெளியிட்டார்கள். இன்று படகோட்டப் போட்டியில் துடுப்பு வலிக்கும் வீராங்கனைகளின் கை எலும்பை விட, அந்தப் பெண்களின் கை எலும்பு 10 வீதத்துக்கும் மேல் பலமாக இருந்ததாம். மணித்தியாலக் கணக்காகத் தானியம் அரைத்ததும் தோட்டம் கொத்தியதும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். உரலில் மா இடித்த எங்கள் அம்மம்மாமாரின் கையை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை என்பது என்னுடைய குறை.

தசை இழுக்கும், தள்ளாது

எலும்பு தானாக அசையாது. அதை அசைப்பது தசை. வளர்ந்த ஒருவரின் உடம்பில் 206 எலும்புகள். அவற்றை அசைக்கும் தசைகள் 600க்கு மேல். இந்தத் தசைகளுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, சுருங்கி இழுப்பது. கிணற்றுக் கயிற்றால் வாளியை இழுக்கலாம், அதே கயிற்றால் வாளியைத் தள்ள முடியுமா? தசையும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு மூட்டிலும் தசைகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. முழங்கையை மடக்க முன்பக்கத் தசை இழுக்கும், நீட்டப் பின்பக்கத் தசை இழுக்கும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக் கொடுக்கும்.

தசை எப்படிச் சுருங்குகிறது? இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கொஞ்சம் நுழைத்துப் பிடியுங்கள். இப்போது இன்னும் உள்ளே தள்ளுங்கள். விரல்கள் குறுகவில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போய் முழு நீளமும் குறைந்துவிட்டது. தசைக்குள் இருக்கும் மிக நுண்ணிய புரத இழைகள் இதையேதான் செய்கின்றன. இதைக் கண்டு 1954இல் வெளியிட்டவர்களில் ஜீன் ஹான்சன் என்ற பெண் விஞ்ஞானியும் ஒருவர்.

சும்மா விட்டால் எலும்பை விடத் தசை வேகமாகக் கரையும். ஆரோக்கியமான இளைஞர்களின் காலை இரண்டு கிழமை மட்டும் அசையாமல் கட்டி வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், தொடைத் தசையின் பலம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. இரண்டு கிழமைக்கே இப்படியென்றால் பதினைந்து வருடத்துக்கு? அந்தச் சகோதரியின் கை மெலிந்ததற்கு நரம்பு செத்ததோ இரத்தம் ஓடாததோ காரணமல்ல. வேலை வராத தசையை உடம்பு சாப்பாடு போட்டு வைத்திருக்காது. தசை மெலிந்ததும் எலும்புக்குக் கிடைக்கும் இழுவையும் குறைகிறது, எலும்பும் மெலிகிறது. திரும்ப உடைந்துவிடும் என்று பயந்து சும்மா வைத்த கையே உண்மையில் இலகுவாக உடையக்கூடிய கை.

பிளாஸ்டர் போட்டால் என்ன செய்வது

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டிப்படும். இரண்டு மூன்று கிழமையில் அதைச் சுற்றி மெதுவான பொருத்து உருவாகும். பிறகு அதில் கல்சியம் ஏறி, ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் பெரும்பாலும் கெட்டியாகும். கால் எலும்பு என்றால் இன்னும் கூடச் செல்லலாம். இந்தக் காலத்தில் முறிந்த இடம் அசையாமல் இருக்க வேண்டியது அவசியம். வைத்தியர் சொன்ன நாள் வரைக்கும் பிளாஸ்டரை நனைக்கவோ வெட்டவோ கூடாது.

ஆனால் அசையக் கூடாதது முறிந்த இடம் மட்டும்தான். மணிக்கட்டில் பிளாஸ்டர் என்றால் விரலை முதல் நாளில் இருந்தே மடக்கி நீட்ட வேண்டும், தோளைத் தலைக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். காலில் பிளாஸ்டர் என்றால் கால் விரலை அசைக்க வேண்டும். படுத்திருந்தபடியே தொடைத் தசையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். பிளாஸ்டருக்குள் இருக்கும் தசையையும் இப்படி அசையாமலே இறுக்கி விடலாம். வைத்தியசாலையில் சன நெருக்கடி, சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் நேரம் இருக்காது. நீங்களே கேளுங்கள்: "எந்த மூட்டை அசைக்கலாம், எந்த மூட்டை அசைக்கக் கூடாது?" இந்த ஒரு கேள்வி போதும். பிளாஸ்டர் வெட்டும் அன்றைக்கு "இனி என்ன பயிற்சி?" என்று இன்னொரு கேள்வி.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிறவர்களுக்கும் ஒரு சொல். அவர்களில் கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எண்ணெய்க் கட்டோ பிளாஸ்டரோ, எது போட்ட பிறகும் விரல்கள் நீலம் பாரித்தால், குளிர்ந்தால், விறைத்தால், விரலைத் தொட்டு நீட்டும்போது தாங்க முடியாத நோ இருந்தால், கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று பார்க்காமல் அப்போதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சில மணித்தியாலம் பிந்தினாலே தசை செத்துவிடும். செத்த தசை திரும்ப வராது.

இறுகிய முழங்கையை எண்ணெய் போட்டு உருவி, இன்னொருவர் பலவந்தமாக இழுத்து நீட்டுவதும் ஆபத்து. அப்படி இழுக்கும்போது தசைக்குள் காயம் ஏற்பட்டு, தசை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு முளைத்துவிடும். பிறகு அந்த மூட்டு இன்னும் இறுகும். முழங்கையை நீட்டுவதும் மடக்குவதும் உங்கள் சொந்தத் தசையின் பலத்தால்தான் நடக்க வேண்டும். கொஞ்சம் நோகும் வரைக்கும் போகலாம். பயிற்சி முடிந்து அடுத்த நாளும் வீக்கமும் நோவும் கூடி நின்றால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

எறிகணைத் துண்டு உடம்புக்குள் இருப்பவர்கள் "அது நடந்து இருதயத்துக்குப் போய்விடுமா?" என்று கேட்பதுண்டு. தசைக்குள் பல வருடமாக இருக்கும் துண்டைச் சுற்றி உடம்பு தடித்த உறை ஒன்றைக் கட்டிவிடும். பெரும்பாலானவை அப்படியே கிடக்கும், அந்தக் கையாலும் காலாலும் வேலை செய்யலாம். மூட்டுக்குள் இருப்பது, நரம்புக்குக் கிட்ட இருப்பது, சீழ் வைப்பது வேறு விடயம். அவற்றை வைத்தியரிடம் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னால், உடம்புக்குள் இரும்பு இருப்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம்.

நாரி ஏன் பிடிக்கிறது

சும்மா இருக்கக் கூடாது என்று எழுதியதைப் பார்த்து, "எங்களுக்குச் சும்மா இருக்க எங்க நேரம் மிஸ்?" என்று சிரிப்பீர்கள். உண்மைதான். வீட்டுக்கு உழைப்பதும் தண்ணீர் தூக்குவதும் வேலி அடைப்பதும் ஒரே ஆளாக இருக்கும்போது, பாரம் கூடினால் வரும் கேடுதான் பலருக்கு.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். முள்ளந்தண்டைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசை, முள்ளந்தண்டின் நடுவில் இருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. 20 லீற்றர் தண்ணீர்க் கான் 20 கிலோ. அதைக் குனிந்து, கையை நீட்டி, நாரியில் இருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளித் தூக்கினால் தூரம் பத்து மடங்கு. தசை இழுக்க வேண்டியதும் பத்து மடங்கு, 200 கிலோ. குனிந்த உடம்பின் பாரம் வேறாகச் சேரும். அதே கானை வயிற்றோடு ஒட்டி 25 சென்ரிமீற்றரில் பிடித்துத் தூக்கினால் 100 கிலோவாகக் குறையும். கான் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். தூரம் மட்டும்தான் வித்தியாசம்.

அதனால் கானுக்குக் கிட்டப் போய், கால்களை அகட்டி வைத்து, முழங்காலை மடக்கி இருந்து, உடம்போடு அணைத்து எழும்புங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்ப வேண்டாம், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். முடிந்தால் 20 லீற்றரை இரண்டு 10 லீற்றராக்கி, இரண்டு கையிலும் ஒவ்வொன்று. ஒரே பக்க இடுப்பில் குடம் வைக்கிறவர்கள் பக்கத்தை மாற்றுங்கள். சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிப் போவது இவை எல்லாவற்றிலும் நல்லது. கூட்டுவதற்கு விளக்குமாற்றில் நீளமான தடி ஒன்றைக் கட்டினால் குனியத் தேவையில்லை. இது செலவில்லாத வைத்தியம், ஆனால் ஏனோ எங்களில் பலர் செய்வதில்லை.

நாரி பிடித்துவிட்டால் ஒரு நாள், இரண்டு நாள் பாரம் தூக்காமல் இருங்கள். கிழமைக் கணக்கில் பாயில் படுத்திருக்க வேண்டாம். வீட்டுக்குள் நடமாடுபவருக்குத்தான் கெதியில் சுகம் வருகிறது என்பது இப்போது நன்கு தெரிந்த விடயம். ஆனால் காலில் பலம் குறைந்தால், இரண்டு தொடைக்கும் நடுவில் விறைத்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால் அல்லது அடைத்தால் ஒரு நாளும் பிந்தக் கூடாது. காய்ச்சலோடு வரும் நாரி நோவையும், இரவில் நித்திரையால் எழுப்பும் நோவையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கால் இழந்தவர்களுக்கு

ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற சத்திர சிகிச்சை நிபுணரும் 1960களின் கடைசியில் உருவாக்கிய பாதம்தான் 'ஜெய்ப்பூர் கால்' என்று எங்கள் ஊர்களுக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கும் பெண்களை நீங்களும் அறிவீர்கள். முழங்காலுக்குக் கீழே இழந்தவர் நடப்பதற்கு, மற்றவரை விடக் கால்வாசி அளவு கூடுதலான சக்தி செலவாகிறது. முழங்காலுக்கு மேலே என்றால் பாதிக்கும் மேல். அவர் களைத்துப் போய் இருந்தால் அது சோம்பல் அல்ல. வீட்டில் உள்ளவர்கள் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

அவர்களுக்கும் தசைதான் துணை. மீதிக் காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இடுப்பும் முழங்காலும் அந்த மடிப்பிலேயே இறுகிவிடும், பிறகு பொய்க்கால் போட்டு நிமிர்ந்து நடக்க முடியாது. கதிரையில் நெடுநேரம் இருப்பவருக்கும் இதுவே நடக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் 15, 20 நிமிடம் குப்புறப் படுங்கள். படுத்தபடியே மீதிக் காலைப் பின்பக்கமாகத் தூக்கி இறக்குங்கள். பொய்க்கால் தளர்ந்துவிட்டால், கடித்தால், அதைக் கழற்றி மூலையில் வைத்துவிடாமல் செய்து தந்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சரிசெய்யக் கேளுங்கள். வளரும் பிள்ளையின் கால் என்றால் எலும்பு நீண்டுகொண்டே போகும், அடிக்கடி மாற்ற வேண்டி வரும்.

'எலும்பு தேஞ்சு போச்சு'

இப்படிச் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு விடயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். முழங்காலில் நோவும் கடகட என்ற சத்தமும் வருவது, மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான கசியிழையம் தேய்வதால். அதற்குத் தொடைத் தசையைப் பலப்படுத்துவது நல்ல வைத்தியம். மற்றது எலும்பின் அடர்த்தியே குறைந்து, உள்ளே கோறையாவது. இது நோகாது. வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ உடையும் நாள் வரைக்கும் தெரியவே தெரியாது. உயரம் குறைந்து முதுகு கூனுவதும் இதன் அடையாளமாக இருக்கலாம்.

பெண்களுக்கே இது கூடுதல். எலும்பை அரிக்கும் கலங்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன். மாதவிடாய் நின்றதும் அது குறைகிறது, அரிப்பு கூடுகிறது. நின்ற பிறகு வரும் முதல் ஐந்தாறு வருடங்களில்தான் இழப்பு மிக வேகம். சத்திர சிகிச்சையில் சூலகம் இரண்டையும் எடுத்தவர்களுக்கு இது இளவயதிலேயே தொடங்கும்.

சேமிக்கும் காலம் முப்பது வயதுவரை. மகளுக்கு இப்போது கொடுப்பது அவளுடைய அறுபதுக்கு உதவும். குரக்கன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்குத் தேவை ஏறத்தாழ 1000. குரக்கன் பிட்டு, முருங்கை இலைச் சுண்டல், எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, கிடைத்தால் பால், தயிர். கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும், அதற்கு வெயில் படவேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்க வேண்டாம். ஒன்று மற்றதைத் தடுக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. புரதமும் வேண்டும். நல்ல மீனைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் விட்டுச் சாப்பிடும் தாய்மாருக்கு இதற்கு மேல் நான் என்ன எழுத?

அந்தச் சகோதரி பிறகு பொது வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போனார். படம் பிடித்துப் பார்த்து, முழங்கை மூட்டு இறுகி வெகுகாலம் ஆகிவிட்டது, பயிற்சியால் அதிகம் திரும்பாது என்று சொன்னார்களாம். ஆனால் தோளும் விரலும் இன்னும் வரும் என்று இயன் மருத்துவர் பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே மேலே ஏற்றுவது, ஈரத் துணியைப் பிழிவது, அரை லீற்றர் போத்தலில் தண்ணீர் விட்டுத் தோளில் இருந்து தூக்கி இறக்குவது. சுவரில் ஏறிய உயரத்தை மகள் கரித்துண்டால் கோடு போட்டு வைத்தாளாம். நான்கு மாதத்தில் ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தது. இப்போது உடுப்புக் காயப்போடவும் வாளியை இரண்டு கையாலும் பிடிக்கவும் முடிகிறது. தலை பின்னுவது இன்னும் மகள்தான்.

இந்த மாரியில் அவருடைய தாயார் கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான் போனபோது தாயார் பிளாஸ்டர் கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். குசினிக்குள் இருந்து சத்தம் வந்தது: "கதைச்சுக்கொண்டு இருக்காதையணை அம்மா, விரலை மடிச்சு நீட்டணை. இன்னும் பத்துத் தரம் கிடக்கு."